டர்பன் பொட்டானிக் கார்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட், மெர்பேங்க் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு வரும் நம் குடும்பங்கள் வழியில் நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இவை. ஆண்டுக்கணக்கில் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஓரிடத்தில் தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறோம். முதலில் எளியவை, பின்னால் சிக்கலானவை.

இது பார்க்கா, பொட்டானிக் கார்டனா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. பூங்காவில் மரம் நிழலுக்கும் அழகுக்கும் நிற்கிறது. தாவரவியல் தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், எந்த ஆண்டு நட்டது என்ற பதிவோடு நிற்க வேண்டும். பதிவு தொலைந்தால் செடியின் மதிப்பில் பாதி போய்விடும். பெரியா மேட்டின் சரிவில் சுமார் 15 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் இந்த இடம் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. நகரத்தின் நடுவில், நுழைவுக் கட்டணம் இல்லாமல், யாரும் வந்து பாய் விரித்து உட்காரலாம். அதே நேரத்தில் உலகத்தில் வேறெங்கும் காட்டில் காண முடியாத மரம் ஒன்று இங்கே நிற்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதி, இந்த இரண்டு வேலையும் ஒரே மண்ணில் நடப்பதால் வருபவைதான்.

எப்ப ஆரம்பிச்சாங்க? எதுக்கு ஆரம்பிச்சாங்க?

1849-ல். ஆப்பிரிக்காவில் தொடங்கி இன்றுவரை நிலைத்திருக்கும் தாவரவியல் தோட்டங்களில் இதுவே பழையது. முதலில் உம்கேனி ஆற்றுப் பக்கம் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் இப்போதுள்ள சரிவுக்கு மாற்றினார்கள்.

ஆனால் அழகு பார்க்க யாரும் இதைத் தொடங்கவில்லை. நேட்டால் அப்போது புதிய பிரிட்டிஷ் காலனி. இந்த மண்ணிலும் மழையிலும் எந்தப் பயிர் காசாகும் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு சோதனை நிலம் வேண்டியிருந்தது. கரும்பு, காப்பி, தேயிலை, அன்னாசி என்று பலவற்றையும் நட்டுப் பார்த்தார்கள். 1850-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த தேயிலை இங்கே நடப்பட்டது.

கரும்புன்னா நம்ம முன்னோருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, நேரடியாகவே. 1851-ல் இத்தோட்டத்தின் பொறுப்பாளரான மார்க் மெக்கென், சில ஆண்டுகளில் இதை விட்டு டொங்காட் கரும்புத் தோட்டத்தை நடத்தப் போனார். பிறகு திரும்பி வந்து 1872-ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். சோதனை நிலமும் கரும்புக் காடும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு இந்த ஒரு மனிதரின் போக்குவரத்தே போதும்.

கரும்பு இங்கே வளரும் என்று உறுதியானதும் ஆள் வேண்டியிருந்தது. ஜூலு மக்கள் தங்கள் நிலத்தையும் மாட்டையும் விட்டு ஆண்டு முழுவதும் தோட்டக் கூலியாக இருக்க இசையவில்லை. 1859-ல் நேட்டால் அரசு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரச் சட்டம் போட்டது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. 1911 வரை கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி மதராஸில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு ஊர்களின் பெயர்கள் கப்பல் பட்டியலில் வரிசையாக வரும்.

தோற்ற பயிர்களும் உண்டு. காப்பியை இலைத்துரு நோய் 1870களிலும் 80களிலும் அழித்தது. நேட்டால் தேயிலை 1877-க்குப் பிறகு கியர்ஸ்னி பக்கம் பெரிதாக எழுந்து, பின்னால் மங்கிப் போனது. தேயிலை பறித்த கைகளும் நம் ஆட்களுடையவைதான். ஆகவே இதை வெறும் வெள்ளைக்காரர் தோட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம்மை இங்கே கொண்டுவந்த கணக்கின் முதல் பக்கம் இந்தச் சரிவில்தான் எழுதப்பட்டது.

கீழ இருக்கிற கரீஸ் ஃபவுண்டனும் தோட்டத்தோட சேர்ந்ததா?

பக்கத்து நிலம், நிர்வாகம் வேறு. 1870களின் கடைசியில் நகர மன்ற உறுப்பினர் கரி என்பவர் அங்கே கிணறு தோண்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார், அதனால் வந்த பெயர். பெரியா மேட்டில் விழும் மழை மணலுக்குள் இறங்கி அடிவாரத்தில் ஊற்றாக வருகிறது. அந்த ஊற்று நீரைப் புரிந்துகொண்டால் கீழே மண் பற்றிய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நம் சமூகத்துக்கு அது பந்து விளையாடிய மைதானம், கூட்டம் கூடிய மைதானம். 1974 செப்டம்பர் 25-ல் மொசாம்பிக் விடுதலையை வாழ்த்த, தடையை மீறி மக்கள் திரண்டதும் அங்கேதான்.

அந்தக் காலத்துல நம்மள உள்ள விடமாட்டாங்கன்னு ஆயா சொல்றாங்க. நெசமா?

1953-ல் வந்த தனி வசதிகள் சட்டம் பூங்கா, கடற்கரை, பெஞ்சு, கழிப்பறை எதையும் இன வாரியாகப் பிரிக்க அனுமதி கொடுத்தது. பிரித்த வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் அதே சட்டம் சொன்னது. அது 1990-ல்தான் நீக்கப்பட்டது. எனவே ஆயா, தாத்தா சொல்வதைக் கதை என்று தள்ள வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 1950-ன் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இருந்த குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கேட்டோ மேனரிலிருந்து பெரியா ஏறி இறங்கினால் தோட்டம். சாட்ஸ்வொர்த்திலிருந்து அது பஸ் காசு பிடிக்கும் பயணம். வாசல் திறந்திருந்தாலும் தூரமே ஒரு வேலியாக நின்றது. இந்த நினைவுகளை என்ன செய்யலாம் என்பது கடைசிக் கேள்வியில்.

கம்பி வேலி போட்டு வெச்சிருக்காங்களே, பன மரம் மாதிரி, அதுல அப்படி என்ன இருக்கு?

பனையும் இல்லை, ஈச்சையும் இல்லை. அது சைக்கட் என்னும் மிகப் பழைய தாவர வகை. டைனோசர் காலத்துக்கும் முன்பிருந்தே பூமியில் இருக்கிறது. பூ பூக்காது, கூம்பு விடும். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பார்களே, அதுவும் ஒரு சைக்கட்டின் ஆண் கூம்புதான். வேலிக்குள் நிற்பதன் பெயர் என்செஃபலார்டஸ் வுட்டி.

1895-ல் அப்போதைய பொறுப்பாளர் ஜான் மெட்லி வுட், வடக்கே ஒன்கோயே காட்டின் ஓரத்தில் செங்குத்தான சரிவில் இதைக் கண்டார். நான்கு தண்டுகள் கொண்ட ஒரே ஒரு கொத்து. அவருக்குக் கீழே வேலை செய்த ஜேம்ஸ் வைலி 1903-ல் அடிக் கன்றுகள் சிலவற்றையும், 1907-ல் பெரிய தண்டுகள் இரண்டையும் டர்பனுக்குக் கொண்டுவந்தார். காட்டில் எஞ்சிய கடைசித் தண்டை 1916-ல் பெயர்த்து பிரிட்டோரியாவுக்கு அனுப்பினார்கள். அது 1964-ல் செத்தது. அந்தக் காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ முறை தேடியும் இன்னொன்று அகப்படவில்லை. கிடைத்தது ஆண் செடி. சைக்கட்டில் ஆண் தனி, பெண் தனி. பெண் இல்லாததால் விதை இல்லை. உலகத்தில் எந்தத் தோட்டத்தில் இந்த மரத்தைப் பார்த்தாலும் அது அந்த ஒரே கொத்தின் கிளைதான்.

பொண்ணு மரம் இல்லாம எப்படிப் பெருக்கறாங்க? நெருங்கின ஜாதியோட சேர்க்க முடியாதா?

வாழைக்கு எப்படிப் பக்கக் கன்று வெட்டி நடுகிறோமோ, அதே முறை. தண்டின் அடியில் வரும் கன்று குறைந்தது கைமுட்டி அளவாகும்வரை பொறுக்க வேண்டும். சுத்தமான கத்தியால், இணைப்பு மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டுக்காயம் தாய்ச் செடியில் சிறிதாக இருப்பது முக்கியம். இரண்டு பக்கக் காயத்திலும் பூஞ்சைக் கொல்லித் தூள் தடவி, கன்றின் இலைகளை எடுத்துவிட்டு, காயம் தோல்போல் காய்ந்து மூடும்வரை நிழலில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பிறகு சொரசொரப்பான ஆற்று மணல் அதிகமுள்ள கலவையில் பாதி புதையும்படி நட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். கன்றுகள் சாவது பெரும்பாலும் அவசரத்தால்தான். காயம் ஈரமாக இருக்கும்போதே நட்டால், அல்லது தினமும் தண்ணீர் ஊற்றினால், உள்ளே அழுகும். வெளியே பச்சையாக நிற்கும். அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். வேர் விட ஒரு வருடம்கூட ஆகலாம்.

நெருங்கிய உறவான நேட்டால் சைக்கட்டின் பெண் மரத்தில் வுட்டியின் மகரந்தத்தைச் சேர்த்து விதை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கலப்பில் பெண் பிறந்தால் மறுபடி வுட்டியோடு சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை அசலை நெருங்கலாம். ஆனால் ஒரு செடி கூம்பு விடவே பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். கியூ தோட்டத்துக்கு 1899-ல் போன மரம் முதல் கூம்பு விட்டது 2004-ல். இது நம் பேரன் பேத்திகளின் வேலை. அப்படியும் கிடைப்பது அசல் ஆகாது, அசலுக்குப் பக்கத்தில் ஒன்று. பெயர்ப் பலகையில் அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது.

எங்க வீட்டுத் தோட்டத்துல ஒரு சைக்கட் இருக்கு. வித்தா நல்ல காசு வருமாமே?

முதலில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் சொந்த சைக்கட் எதையும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லாமே குற்றம். குவாசூலு-நேட்டாலில் உரிமம் தருவது எசெம்வெலோ வனவிலங்கு அமைப்பு. வீடு வாங்கும்போது தோட்டத்தில் மரம் இருந்தால் பழைய உரிமையாளரிடம் அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். தோட்டக் கடைகளில் பரவலாக விற்கும் ஜப்பான் சைக்கட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் திருட்டு. 2014 ஆகஸ்டில் கேப் டவுன் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்திலிருந்தே இருபதுக்கு மேற்பட்ட அரிய சைக்கட்டுகளைப் பெயர்த்துப் போனார்கள். காவல் உள்ள தோட்டத்துக்கே அந்தக் கதி. வேலிக்குள் நிற்கும் மரத்தைப் போட்டோ எடுத்துப் போடுவதில் தவறில்லை. யார் வீட்டு முற்றத்தில் எந்த அரிய மரம் நிற்கிறது என்று இடத்தோடு போடுவதுதான் திருடனுக்கு வழி காட்டுவது.

ஜக்கரண்டா வெளிநாட்டு மரம், இங்க வளரக் கூடாதுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் இங்க இருக்கு?

தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம், உண்மை. குவாசூலு-நேட்டாலில் அது காட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் பரவி உள்ளூர்ச் செடிகளை அமுக்குகிறது. அதனால் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய வகையில் சேர்த்திருக்கிறார்கள். நகர எல்லைக்குள் நிற்பதற்கு அந்த விதியில் விலக்கு உண்டு. இங்குள்ள பழைய மரங்கள் 19-ம் நூற்றாண்டின் பயிர்ச் சோதனைக் காலத்துச் சாட்சிகள். வெட்டிவிட்டால் அந்தச் சாட்சியம் திரும்ப வராது. விதை வெளியே போகாமல் பார்ப்பதும், முளைத்த கன்றுகளைப் பிடுங்குவதும், பட்டுப்போனால் அதே இடத்தில் உள்ளூர் மரம் வைப்பதா என்று யோசிப்பதுமே சரியான வழி என்பது எங்கள் கருத்து. இதில் நல்லவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

மாரியம்மன் கூழ் ஊத்தறதுக்கு வேப்பிலை வேணும். புரட்டாசிக்கு மாவிலை வேணும். கொஞ்சம் ஒடிச்சுக்கலாமா?

வேண்டாம். இலை, பூ, விதை, உதிர்ந்த காய் எதையும் எடுக்கக் கூடாது. உதிர்ந்தது கூடவா என்றால், ஆமாம். விதை சேகரிப்பவர்கள் அதைத் தேடி வருவார்கள்; எந்த மரத்தடியில் எது எப்போது விழுந்தது என்பதும் பதிவுதான். ஒரு கை இலையால் மரம் சாகாது. ஆனால் ஒரு ஞாயிறு மட்டும் நூறு குடும்பம் வந்தால் எட்டும் கிளையெல்லாம் மொட்டையாகிவிடும்.

இதோடு ஒரு முக்கியமான விஷயம். டர்பனில் வேப்பிலை என்று பலர் தெருவோரம் ஒடிப்பது வேம்பே அல்ல, சிரிங்கா. தோரணத்துக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வேம்பில் ஒரு நடுக்காம்பின் இருபுறமும் இலை ஒற்றை வரிசையாக நிற்கும். சிரிங்காவில் காம்பு மறுபடி கிளைத்து, கிளைக்கு இலை நிற்கும். வேப்பம்பூ வெள்ளை, சிரிங்கா பூ இளம் ஊதா. இலை உதிர்ந்த பிறகும் மஞ்சள் காய் கொத்தாகத் தொங்கினால் அது சிரிங்காதான். அந்தக் காய் நஞ்சு. அம்மை கண்ட பிள்ளையைச் சுற்றி இலை வைக்கலாம், ஆனால் அரைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வேம்பு வேண்டுமென்றால் வீட்டில் வெயிலான மூலையில் ஒரு கன்று வையுங்கள். டர்பனின் குளிர் அதைக் கொல்லாது. தண்ணீர் தேங்கினால்தான் சாகும்.

மரப்பட்டைய உரிச்சிருக்காங்களே, அது எதுக்கு? மரம் பொழச்சுக்குமா?

மருந்துக்கு. வார்விக் சந்தியின் மூலிகைச் சந்தையில் பட்டைக்கு எப்போதும் தேவை இருக்கிறது. இலை சமைக்கும் உணவு வேருக்குப் போவது பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் உரித்தால் மரம் பிழைக்க வாய்ப்புண்டு. சுற்றிலும் வளையமாக உரித்தால் வேர் பட்டினியால் சாகும், மரமும் ஓரிரு ஆண்டில் போகும். இந்த அழிவைக் குறைக்கத்தான் சாட்ஸ்வொர்த் சில்வர்கிளென் மூலிகை நாற்றங்காலில் நகராட்சியே கன்று வளர்க்கிறது. மிளகுப்பட்டை மரத்தில் பட்டைக்குப் பதில் இலையைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இலை திரும்ப வரும். சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள், இந்தத் தோட்டத்தைவிட உங்களுக்குப் பக்கம்.

மரத்தடியில பாய் விரிச்சு உக்காந்தா என்ன கெட்டுப் போகும்? கல்யாண போட்டோவுக்கு வேர் மேல ஏறினா?

ஒரு குடும்பம் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. உட்காரத்தான் தோட்டம். கெடுதல் அதே இடத்தில் தொடர்ந்து மிதிப்பதால் வருகிறது. மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு முழ ஆழத்துக்குள்தான் இருக்கிறது, கிளை பரப்பையும் தாண்டி ஓடும். மண் இறுகினால் காற்றும் நீரும் இறங்காது, வேர் நுனி கருகும். அதன் விளைவு ஐந்தாறு ஆண்டு கழித்து உச்சிக் கிளை காய்வதாகத் தெரியும். அப்போது யாரும் மிதித்ததை நினைக்க மாட்டார்கள்.

அதனால்தான் பெரிய மரங்களைச் சுற்றிச் சருகும் மரத்தூளும் பரப்பியிருக்கிறது: நான்கு விரல் கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். வீட்டில் மாமரத்துக்குப் பலர் செய்யும் தவறு இதுதான். சருகு பரப்பிய வட்டத்துக்குள் போகாதீர்கள், புல்லில் விரியுங்கள். ஏரிக்கரை இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்கு வண்டி உள்ளே வரும்போது பலகை விரிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். மழை பெய்த மறுநாள் ஒரு லாரி செய்யும் கெடுதல், நூறு குடும்பம் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் வராது.

குரங்குக்கு வாழப்பழம், வாத்துக்கு ரொட்டி குடுக்கறது புண்ணியம்தானே?

கொடுக்காதீர்கள். ரொட்டி ஏரியில் ஊறிப் பாசியைப் பெருக்கும், பறவைக்கும் சத்தில்லை. குரங்கு ஒருமுறை கையிலிருந்து வாங்கினால் அடுத்த பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும். கடைசியில் குரங்கைத்தான் தொல்லை என்பார்கள்.

நல்லா இருந்த மரத்த வெட்டிட்டாங்க. ஏன் யாரும் தடுக்கல?

பெரிய மரம் விழும்போது மனம் கனக்கத்தான் செய்யும். ஆனால் பச்சை இலை நலத்துக்குச் சாட்சி அல்ல. நீர் ஏறுவது தண்டின் வெளி அடுக்கில். நடுக்கட்டை முழுதும் மக்கிப் போனாலும் தழை செழிப்பாக நிற்கும். அடிமரத்தில் தட்டுபோன்ற காளான் முளைத்திருந்தால், மரச்சுத்தியால் தட்டும்போது பானைபோல் ஒலித்தால், உள்ளே கூடு விழுந்திருக்கிறது என்று பொருள். கூடு விழுந்த எல்லா மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. எஞ்சிய நல்ல கட்டையின் கனம் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாவிட்டால் பொதுவாகத் தாங்கும். குறைந்தால், கீழே பாதையோ பெஞ்சோ இருந்தால், வெட்டுவதுதான் பொறுப்பு. கீழே யாரும் போகாத மூலையானால் கிளைகளைக் குறைத்து மொட்டைத் தண்டை நிற்க விடலாம், மரங்கொத்திக்கு வீடாகும்.

கிளை வெட்டுவதிலும் முறை உண்டு. கனமான கிளையை ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் முறிந்து தண்டின் பட்டையைக் கிழித்துக்கொண்டு விழும். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். எஞ்சிய குச்சியை, தண்டோடு சேருமிடத்தில் பட்டை தடித்து வளையம்போல் இருக்குமே, அந்த வளையத்தை விட்டு வெளியே வெட்ட வேண்டும். மரம் அந்த வளையத்திலிருந்துதான் காயத்தை மூடும். சிமெண்ட், தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலை வளர்க்கும்.

மரத்துல ஊசி குத்தின மாதிரி ஓட்ட ஓட்டயா இருக்கு. அது என்ன?

துளை வண்டாக இருக்கலாம். 2017-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்து மரங்களில் தென்னாப்பிரிக்காவில் முதலில் அடையாளம் காணப்பட்ட ஆசிய வண்டு இது. வண்டின் நீளம் 2 மில்லிமீட்டர், துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மரத்தைக் கொல்வது வண்டின் பல் அல்ல. அது தன் குஞ்சுகளுக்கு உணவாகத் துளைக்குள் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. அந்தப் பூஞ்சை நீர்க்குழாய்களை அடைக்கிறது.

துளையைச் சுற்றிப் பட்டை நனைந்ததுபோல் கறுத்திருக்கும், அல்லது பிசின் வழியும். அவகாடோ மரத்தில் துளைவாயில் வெள்ளைச் சர்க்கரைபோல் பொரிந்து நிற்கும். பட்டையை நகத்தால் சுரண்டினால் அடியில் பழுப்புக் கறை தெரியும். ஆமணக்கு, மேப்பிள், பிளேன் மரங்களில் முதலில் பாருங்கள். தோட்டத்தில் கண்டால் நீங்களே சுரண்டாமல், மரத்தின் எண்ணையும் படத்தையும் ஊழியர்களிடம் கொடுங்கள். படத்தில் அளவு தெரிய ஒரு பேனா முனையை அருகில் பிடித்து எடுப்பது நல்லது.

மருந்தடித்துக் குணமாக்க முடியுமா என்றால், கடுமையாகப் பாதித்த மரத்துக்கு இன்றுவரை நம்பத்தக்க மருந்து இல்லை. பரவாமல் தடுப்பதே வழி. இது ஊருக்கு ஊர் போவது நம் வண்டியில், பிரை போட, அதாவது இறைச்சி சுட, கொண்டுபோகும் விறகில். எங்கே வெட்டிய விறகோ அங்கேயே எரியுங்கள். வெட்டிய கட்டையை இரண்டரை சென்டிமீட்டருக்கும் சிறிதாகத் தூளாக்க வேண்டும், அல்லது தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் ஒரு கோடை முழுதும் வேகவைக்க வேண்டும். குப்பை லாரியில் ஏற்றி அனுப்பினால் நோயை அனுப்புகிறீர்கள்.

2022 வெள்ளத்துல ஊரே சரிஞ்சுதே, இந்தச் சரிவு எப்படி நிக்குது?

2022 ஏப்ரல் 11, 12-ல் பெய்த மழையில் மாகாணம் முழுதும் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரியா மேடு பாறை அல்ல. பழைய மணல்மேடு காலப்போக்கில் சிவந்து இறுகிய மண். அது தண்ணீரை வேகமாகக் குடிக்கும். மேலே சொன்ன ஊற்று அதனால்தான். ஆனால் செடி இல்லாமல் வெறுமையாக விட்டால் அதே மண் சர்க்கரைபோல் கரைந்து ஓடும்.

சரிவை நிறுத்துவது வேர்களும் சருகும்தான். குறுக்குவழியாக நடந்து உண்டாகும் ஒற்றையடிப் பாதை அடுத்த மழையில் வாய்க்காலாகும், அதற்கடுத்த மழையில் பள்ளமாகும். படிக்கட்டு சுற்றிப் போனாலும் படிக்கட்டிலேயே போங்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான்.

மரத்துல இருக்கிற நம்பர் தகடு எதுக்கு? ஆணி அடிச்சா மரத்துக்கு வலிக்காதா?

அந்த எண்தான் மரத்தின் பிறப்புச் சான்று. எண்ணைப் பதிவேட்டில் பார்த்தால் எந்த ஊர் விதை, எந்த ஆண்டு வந்தது என்று தெரியும். கப்பல் பட்டியலில் நம் கொள்ளுத் தாத்தாவுக்கும் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துத்தான் இன்று பலர் அவருடைய தகப்பன் பெயரையும் ஊரையும் தாலுகாவையும் கண்டுபிடிக்கிறார்கள். எண் தொலைந்த மரம், எண் தொலைந்த குடும்பம் போலத்தான். தகட்டைப் பிடுங்கி ஞாபகப் பொருளாகக் கொண்டுபோகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

துருப்பிடிக்காத திருகாணியும் நடுவில் சிறு சுருள்கம்பியும் வைத்துப் பொருத்தினால், மரம் பருக்கும்போது தகடு முன்னே நகரும். இறுக்கி ஆணி அடித்தால் சில ஆண்டில் பட்டை தகட்டையே விழுங்கிவிடும். கம்பியைச் சுற்றிக் கட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். பட்டை வளையமாக உரிவது பற்றிச் சொன்னோமே, அதையே கம்பி மெதுவாகச் செய்யும்.

இதுக்கு யார் பொறுப்பு? கிர்ஸ்டன்போஷ் ஆளுங்களா?

இல்லை. கிர்ஸ்டன்போஷும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தோட்டமும் தேசிய பல்லுயிர் நிறுவனத்தின் கீழ் வருபவை. இது 1913 முதல் டர்பன் நகராட்சியுடையது, இன்று எத்தெக்வினி. மெட்லி வுட் 1882-ல் தொடங்கிய உலர்தாவரத் தொகுப்பு மட்டும் அப்போதே மத்திய அரசுக்குப் போனது. பக்கத்துக் கட்டடத்தில் இன்றும் அது தேசிய நிறுவனத்தின் கையில்தான். ஆகவே புல் வெட்டவில்லை, பெஞ்சு உடைந்தது என்றால் நகராட்சியின் பூங்காத் துறை. செடியின் பெயரைச் சரிபார்க்க உலர்தாவரத் தொகுப்பு. சைக்கட் திருட்டு என்றால் போலீஸும் எசெம்வெலோவும்.

பழைய கட்டடத்த இடிச்சுட்டுக் கடை கட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டா நாம என்ன செய்யலாம்?

1999-ன் தேசிய மரபுவள சட்டம், 34-வது பிரிவு: 60 ஆண்டைத் தாண்டிய எந்தக் கட்டுமானத்தையும் மாகாண மரபு அமைப்பின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது. இங்கே அந்த அமைப்பு அமஃபா. 1962-ல் கட்டிய எர்னஸ்ட் தார்ப் ஆர்க்கிட் வீடும் அந்த வயதைக் கடந்துவிட்டது.

வதந்தியைக் கேட்டதும் கூச்சல் போடாதீர்கள். முதலில் அனுமதி விண்ணப்பம் போட்டிருக்கிறதா என்று அமஃபாவிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டடத்தை நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஆட்சேபத்துக்குக் கொடுத்த காலக்கெடுவுக்குள், எதை ஏன் காக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "எங்கள் மனம் புண்படுகிறது" என்பதைவிட "இந்தச் சுவர் இந்த ஆண்டு, இந்த வேலைக்குக் கட்டப்பட்டது, இதை இடித்தால் அருகிலுள்ள இந்த எண் மரத்தின் வேர் வெட்டுப்படும்" என்பது பலமான வாதம். கெடு முடிந்த மறுநாள் வரும் நல்ல கடிதத்தைவிடக் கெடுவுக்குள் வரும் சுமாரான கடிதம் மேல்.

ஆயா சொல்ற பழைய கதையெல்லாம் யார்கிட்டக் குடுக்கறது? எங்களுக்கு எழுத வராதே.

எழுத வேண்டியதில்லை, போனில் பதிவு செய்தால் போதும். பின்னால் டிவியும் மின்விசிறியும் ஓடாத அறையில், போனை ஒரு துணிமேல் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பேசவிடுங்கள். தொடக்கத்தில் பெயர், பிறந்த ஆண்டு, குடியிருந்த தெரு, பதிவு செய்யும் தேதி, பொதுவில் வைக்கச் சம்மதமா என்பதை அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். "உள்ளே விட்டார்களா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று முடிந்துவிடும். "எந்த வாசல் வழியா போனீங்க ஆயா, எங்க உக்காந்தீங்க, யார் கூட வந்தாங்க, என்ன கட்டிக்கிட்டுப் போனீங்க?" என்று கேளுங்கள். அவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவினால் திருத்தாதீர்கள்.

பழைய போட்டோ இருந்தால் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அசலை யாருக்கும் கொடுத்துவிடாமல் நகலைக் கொடுங்கள். டெர்பி தெருவின் 1860 மரபு மையமும், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையமும் நம் சமூகத்தின் இப்படிப்பட்ட பொருள்களைக் காக்கும் இடங்கள். போட்டோவில் பின்னால் ஒரு மரம் தெரிந்தால் அதன் ஒரு நகலைத் தோட்டத்துக்கும் கொடுங்கள். ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன் அந்த மரம் எவ்வளவு உயரம், எந்தக் கிளை எங்கே இருந்தது என்பது பல மரங்களுக்குப் பதிவேட்டில் கிடையாது. உங்கள் பெரியம்மா நின்று எடுத்த படத்தில் இருக்கும்.